பதினைந்து பவுண்டு

இது நடந்தது. ஆண்டு 1973, ஏப்ரல் மாதம். மணியும் நிமிடமும்கூடச் சொல்ல முடியும். ஏனென்றால் அபுதாஹிர் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இதை இங்கேயே மூடி வைத்துவிடலாம். இது வெயிலில் நடந்தது. நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும் நேரத்தில். காரைக்குடிப் பக்கம் அந்த நேரத்தை உருமம் என்பார்கள். உருமத்தில் கண்மாய்க்குள் இறங்காதே என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். அபுதாஹிர் பிள்ளை அல்ல. முப்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு பழைய ஜீப் பிக்கப் வைத்து, ஆத்தங்குடியில் இருந்து தரைக்கு ஒட்டும் பூக்கற்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். அதிகம் பேச மாட்டார். கதை கட்டிச் சொல்லும் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

டயரில்தான் தொடங்குகிறது.

அவர் மனைவி ஜாஹிதா பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருந்தாள். செவ்வூரணி. காரைக்குடியில் இருந்து ஐந்து மைல். ஆனால் அந்த ஐந்து மைலுக்கு நடுவே பெரிய கண்மாய் கிடந்தது. தண்ணீர் வற்றிய மாதங்களில் அதன் வயிற்றுக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். நடுவில் இரண்டு பர்லாங்குக்கு வெறும் மணல். சுற்றிப் போனால் பதினான்கு மைல்.

ஜாஹிதாவுக்கு இது மூன்றாவது பேறு. முதல் இரண்டு குழந்தைகளும், காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் அந்தப் பதினான்கு மைலைச் சுற்றி வரும்போது வழியிலேயே போய்விட்டன. அப்போது அபுதாஹிரிடம் பிக்கப் இல்லை. இப்போது இருந்தது. ஆனால் முன் சக்கரத்துக்கான கியர் எப்போதோ செத்துவிட்ட வண்டி அது. இழுப்பதெல்லாம் பின்சக்கரம் இரண்டும்தான். அந்த இரண்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன.

டயர்க்கடை பீர் முகம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு வேணும், அதைச் சொல்லுங்க மொதல்ல. கல்லு ஏத்தவா, கண்மாயில இறங்கவா?"

"ரெண்டுக்கும்ணே."

"ரெண்டுக்குமா? ரோட்டு டயரு மாட்டுனா கல்லு ஒடையாது, மணல்ல புதைஞ்சிருவீக. பட்டன் டயரு மாட்டுனா மணலைக் கடிச்சுக்கிட்டுப் போகும். ஆனா ரோட்டுல கடகடன்னு ஆட்டி, ஆத்தங்குடிக் கல்லை ஆத்தங்குடிப் பொடியா இறக்கி வைப்பீக. கோலம் போட்டுக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கேலி போதும்ணே. அவளுக்கு நாள் நெருங்குது."

பீர் முகம்மதுவின் சிரிப்பு நின்றது. அந்த இரண்டு சின்னக் குழிகளைத் தோண்டும்போது அவரும் கூட நின்றவர். பிறகு உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டி வந்தார். நடுவில் ரோட்டு டயரின் வரி. இரு ஓரங்களிலும் தடித்த பட்டன். பழசுதான். ஆனால் புது டயர் கேட்டால், பெயரை எழுதி வைத்துவிட்டுப் போ என்று சொன்ன காலம் அது.

"இது ரெண்டுக்கும் போகும். ஆனா காத்தைச் சரியா வைக்கணும். கல்லு ஏத்துனா முப்பத்திரண்டு பவுண்டு. வெறும் வண்டிக்கு இருபத்திநாலு. மணல்ல இறங்கணும்னா பதினஞ்சு. பதினஞ்சுல டயரு சப்புன்னு அகலமா உக்காரும், புதையாது. அதுக்குக் கீழ போனீகன்னா ரிம்மை விட்டுக் கழண்டுரும். அளக்குறதைக் காலையிலயே அளந்துருங்க. உச்சியில அளந்தா சூட்டுல மூணு நாலு பவுண்டு கூடக் காட்டும்."

"பதினஞ்சுக்கு இறக்குனா, கரையேறிட்டு மறுபடி அடிக்கணுமே?"

"கைப்பம்பு எதுக்கு இருக்கு? மாமியா வீட்டுக் கறிச்சோறு செரிக்க வேணாமா?"

டயர் மாட்டியாயிற்று.

ஏப்ரல் 3, செவ்வாய். மானகிரியில் கல்லை இறக்கிவிட்டு, காற்றை இருபத்திநாலுக்குக் குறைத்துக்கொண்டு, அபுதாஹிர் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கண்மாய்க்குள் இறங்கும்போது மணி 12.15. மாட்டு வண்டித் தடத்தைப் பிடித்து, வண்டி சிரமமில்லாமல் மணலைக் கடந்தது. டயர் நல்ல டயர்தான் என்று நினைத்துக்கொண்டார். அக்கரையில் ஏறியதும் வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்வது தெரிந்தது. இறங்கி அளந்தார்.

வலது பின்சக்கரம் இருபத்தேழு. சூட்டுக்கு ஏறியிருந்தது. சரி.

இடது பின்சக்கரம் பதினைந்து.

ஆணி குத்தியிருக்கும் என்று பம்பு அடித்துக்கொண்டு மாலையில் கடைக்குப் போனார். பீர் முகம்மது ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றினார். ஒரு குமிழி வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்தார். அதுவும் அசையவில்லை.

"ஒண்ணுமில்லை. நீங்களே இறக்கிட்டு மறந்திருப்பீக."

"நான் இறக்கலைண்ணே."

"அப்ப உங்க மாமியா இறக்கியிருப்பாக. மாப்பிள்ளை ரெண்டு நாளு தங்கட்டும்னு."

ஏப்ரல் 7, சனி. அதே நேரம். அதே மணல். அக்கரையில் அளந்தால் வலது இருபத்தெட்டு, இடது பதினைந்து. முள் அந்தக் கோட்டின் மேலேயே நின்றது. பதினான்கு இல்லை, பதினாறு இல்லை. யாரோ கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்து இறக்கியதைப் போல.

அவர் டயர் மேல் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

சித்திரை வரப்போகும் வெயில். வலது டயரில் கை வைத்தால் பொசுங்கிவிடும். இடது டயர் சில்லென்று இருந்தது. கிணற்றுக்குள் இருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன மச்சான், மொகமே சரியில்லை?" என்றாள் ஜாஹிதா.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தார். யோசிப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. டயர் கெட்டது என்றால் வேறு டயருக்கு எங்கே போவது? அவளுக்கு நாள் இன்னும் மூன்று வாரம். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தவர், விடிந்ததும் ஜாக்கி போட்டு இரண்டு டயர்களையும் இடம் மாற்றினார். இடது பக்கத்தது வலது பக்கம். வலது பக்கத்தது இடது பக்கம். குற்றம் டயரில் இருந்தால் இனி வலது பக்கம் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு அதைக் கழற்றி எறிந்துவிடலாம்.

ஏப்ரல் 12, வியாழன். மணி 12.21. வேண்டுமென்றே மணலின் நடுவில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். அசையாமல் உட்கார்ந்தார்.

காற்றில்லை. கருவேல மரங்களில் ஒரு இலை ஆடவில்லை. கரைமேல் மேய்ந்த ஆடுகள்கூடக் கத்தவில்லை.

12.23.

ஸ்ஸ்ஸ்ஸ்...

இடது பக்கம். பின்னால்.

கழுத்து திரும்ப மறுத்தது. சத்தம் நின்றது. ஒரு நிமிட அமைதி. மறுபடி ஸ்ஸ்... சின்னதாக. நின்றது. அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தை இறக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பிஸ்மி சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

யாரும் இல்லை. மணலில் காலடி இல்லை. புதிதாக இடப்பக்கம் மாட்டிய டயரில் பதினைந்து பவுண்டு. வால்வு மூடி கழற்றப்பட்டு, மட்கார்டின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

ஈரமாக இருந்தது.

காற்று இறக்கும்போது மூடி தொலையாமல் இருக்க டிரைவர்கள் அதைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்வார்கள். அபுதாஹிரும் அப்படித்தான். அந்த ஈரம் எச்சில். மூடியைச் சுற்றிப் பல் பதிந்த தடம்.

அதற்குப் பிறகு அவர் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. செவ்வூரணிக்குச் சுற்று வழியில்தான் போனார். அந்தப் பாதையில் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள், ஒரு பாலமும் உடைந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை என்று நினைத்தார். கேட்டவர்களிடம் கண்மாயில் மணல் கூடிவிட்டது என்றார். ஆனால் ஒவ்வொரு இரவும் ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஐந்து மைல். பதினான்கு மைல். அந்த நாள் உருமத்தில் வந்துவிட்டால்?

ஏப்ரல் 26, வியாழன். அப்படித்தான் வந்தது.

மானகிரியில் கல் இறக்கிவிட்டு, அவசரத்தில் காற்றைக் குறைக்காமல், நான்கு டயரும் முப்பத்திரண்டிலேயே இருக்க, சுற்று வழியில் செவ்வூரணிக்கு வந்து சேர்ந்தார். மணி 11.50. வாசலில் மாமியார் ஆசியா பீவி தலையில் முக்காடு நிற்காமல் ஓடி வந்தார்.

"மாப்ள, பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. ரத்தமும் போகுது. நிக்கலை."

ஜாஹிதாவை வைக்கோல் பரப்பிய பின்பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மேலே தார்ப்பாய். பின்பக்கம் படுதா.

"மச்சான்," என்றாள் ஜாஹிதா. "சுத்து வழி வேணாம்."

அபுதாஹிர் சாவியைத் திருகினார்.

கண்மாய்க்குள் இறங்கும்போது மணி 12.14. காற்றைக் குறைக்கும் நினைப்பே அவருக்கு வரவில்லை.

12.18. மணல். முப்பத்திரண்டு பவுண்டில் டயர் கல்லாக இருந்தது. பட்டன் மணலைக் கடிக்கவில்லை, தோண்டியது. மிதித்தார். இன்னும் தோண்டியது. வண்டி அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. பின்னால் ஜாஹிதா அலறினாள்.

காற்றை இறக்க வேண்டும். நான்கிலும். ஒன்றுக்கு மூன்று நிமிடம்.

வலது பின்சக்கரத்தில் தொடங்கினார். இடது பக்கம் போகக் கால் வரவில்லை. மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்தார். தீக்குச்சியை வால்வில் வைத்து அமுக்கினார். ஸ்ஸ்ஸ்ஸ்... குச்சி உடைந்தது. இன்னொன்று எடுத்தார்.

12.20.

ஸ்ஸ்ஸ்ஸ்...

இது அவருடைய சக்கரத்தில் இருந்து வந்த சத்தம் இல்லை.

எதிர்ப்பக்கம். இடது பின்சக்கரம். அவர் இறக்கிய அதே நேரத்தில், அவரோடு சேர்ந்து...

"அங்குட்டு யாரு மச்சான்?" உள்ளே இருந்து ஜாஹிதாவின் குரல்.

அவர் வாயில் மூடி. பதில் சொல்ல முடியவில்லை.

12.22. அங்கே சத்தம் நின்றது. மணலில் கால் இழுபடும் ஓசை... முன்பக்கம் போனது.

ஸ்ஸ்ஸ்ஸ்... இடது முன்சக்கரம்.

அவர் குனிந்தார். குனியக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வண்டிக்கு அடியில் பார்த்தார்.

அந்தப் பக்கம், மணலில், இரண்டு முழங்கால்கள். மண்டியிட்டு இருந்தன. காக்கி நிக்கர். நிழல் இல்லை.

12.25. கால் இழுபடும் ஓசை... முன்னால் சுற்றி... இவர் பக்கம் வந்தது.

வலது முன்சக்கரம். நான்கு முழத் தூரம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நின்றது.

பின்பக்கம் படுதா அசைந்தது. வண்டி ஒரு முறை அமுங்கியது. யாரோ ஏறிய கனம்.

கண்ணைத் திறந்தார். யாரும் இல்லை. குச்சியை எறிந்துவிட்டு, வாயில் இருந்த மூடியைத் திருகிவிட்டு, தன் சக்கரத்தின் காற்று பாதியில் நிற்க, ஓடி ஏறினார்.

வண்டி நகர்ந்தது. மணலில் போவது போலவே இல்லை. தண்ணீரில் படகு போவது போலப் போனது.

கரை ஏறும்போது 12.31. லேடி டாக்டர் ஆஸ்பத்திரி வாசலில் 1.02. குழந்தை பிறந்தது 1.20. பெண். அழுதது. தாயும் பிழைத்தாள். இன்னும் இருபது நிமிடம் போயிருந்தால் இரண்டையும் தந்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

அபுதாஹிர் வெளியே வந்து, மரத்தடியில் நின்ற வண்டியில் கேஜை வைத்தார். இடது பின் பதினைந்து. இடது முன் பதினைந்து. வலது முன் பதினைந்து. அவர் கைப்பட இறக்கிய வலது பின்சக்கரம் மட்டும் இருபத்தொன்று. மூன்று வால்வுகளில் மூடி இல்லை.

வராந்தாவில் ஆசியா பீவி உட்கார்ந்திருந்தார். கையைப் பொத்தி வைத்திருந்தார். விரித்தார். மூன்று மூடிகள்.

"படுதாவை விலக்கி நீட்டுனீகளே மாப்ள, 'வச்சுக்கங்க'ன்னு... கையி ஏன் அவ்வளவு குளுந்து கிடந்துச்சு?"

"நான் நீட்டலை மாமி."

ஆசியா பீவி மூடிகளைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மணலில் விழுந்துவிட்ட கைப்பம்பைத் தேடி அபுதாஹிர் கண்மாய்க்குப் போனார். தனியாக இறங்க மனம் வராமல் கரையில் நின்றார். ஆடு மேய்க்கும் கோட்டைச்சாமி வேப்ப மரத்தடியில் இருந்து எழுந்து வந்தார்.

"என்ன பாய், பிள்ளை என்ன?"

"பொம்பளப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

"நல்லது. நேத்து வண்டி மாட்டுனதைப் பார்த்தேன். தள்ளிவிட வரலாம்னு எந்திரிச்சேன். அதான் ஆளுக்கொரு பக்கம் ரெண்டு பேராக் குனிஞ்சு கிடக்கீகளே, நான் எதுக்குன்னு உக்காந்துட்டேன்."

அபுதாஹிர் மணலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மட்டும்தான் வந்தேன்," என்றார்.

கோட்டைச்சாமி முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டார். ஆடுகளைப் பார்த்தார்.

"அம்பத்தெட்டாம் வருசம் பாய். இதே சித்திரை. அங்குட்டு ஒரு ஊருச் செட்டியார் வீட்டுக் காரு. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை மட்டும் ஏத்தி அனுப்புனாக. டிரைவர் முத்துக்கருப்பன், எங்க பங்காளி வகைதான். பெரிய எடத்துக் காரு, டயரு தொய்வாத் தெரியக் கூடாதுன்னு கல்லு மாதிரி காத்து அடிச்சு வச்சிருப்பாக. மணல்ல உக்காந்துருச்சு. காத்தை இறக்கக் குனிஞ்சவன் மொதச் சக்கரத்துலயே, இடது பின்சக்கரம் அது, சாஞ்சுட்டான். வெயிலா, நெஞ்சு வலியா தெரியலை. நாங்க சாயங்காலம் போய்ப் பாக்குறோம், வாயில மூடியைக் கடிச்சபடி கிடக்கான். மூணு சக்கரம் அப்படியே இருக்கு."

"உள்ள இருந்த பொண்ணு?"

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார். இல்லை என்று.

பம்பை எடுக்காமலே அபுதாஹிர் திரும்பிவிட்டார். இதை ஜாஹிதாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் நடந்துகொண்டே இருந்தார். உட்கார முடியவில்லை. மாலை 5.40க்கு, ஆயா சோணையம்மாள் வேலை முடிந்து கிளம்புகிறவள், அவரைப் பார்த்து நின்றாள்.

"ஏந் தம்பி, நேத்து உங்க வண்டியில வந்தாகளே, இன்னொரு புள்ளைத்தாச்சி... அவுகளை எங்க கூட்டிட்டுப் போனீக?"

"இன்னொருத்தரா? எங்க மாமியைச் சொல்றீகளா?"

"மாமியை எனக்குத் தெரியாதா? இவுக சின்ன வயசு. செட்டி வீட்டு ஆச்சி கணக்கா, கண்டாங்கிச் சேலை. உங்க வீட்டம்மாவை நீங்க உள்ள தூக்கிட்டு ஓடுனீக. அவுக வண்டியிலயே உக்காந்திருந்தாக. நாந்தான் கை குடுத்து இறக்குனேன். பெஞ்சுல உக்கார வச்சுட்டு, தண்ணி எடுத்தாந்து பார்த்தா ஆளைக் காணோம்."

அபுதாஹிர் ஒரு அடி பின்வாங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாச்சும்... சொன்னாகளா?"

"வலியில கிடந்தவுக என்னத்தைச் சொல்லுவாக? வாசலையே பார்த்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாக. 'காத்து இறக்கிட்டு வந்துர்றேன்னு போனானே, முத்துக்கருப்பன் இன்னும் வரலையா?'ன்னு."

சோணையம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது யாரு தம்பி, முத்துக்கருப்பன்?"